மெல்லிய கம்பி நடுவில்

என் கணவருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. டீக் கோப்பையைக் கையில் கொடுத்தால் வாசலுக்குப் போய் நின்றபடி குடிப்பார். அடுத்த கோப்பைக்கு அவரை மாட்டுத் தொழுவத்தில் தேட வேண்டியிருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில், என்னைப் பிடிக்காமல்தான் இப்படி வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார் என்று நினைத்து அழுதிருக்கிறேன். மாமனார்தான் தேற்றினார். "அவன் பொறந்ததுல இருந்தே அப்படித்தாம்மா. தொட்டில்ல கட்டிப் போட்டா தொட்டிலோட நகருவான்" என்றார். கையில் கிட்டார் இருந்தால் மட்டும் இருந்த இடத்தில் இருப்பார். அப்போதும் ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

புருஷன் பெயரை வாயால் சொல்வது எங்களில் வழக்கமில்லை. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்: தொலோமுஷ். ஜும்கால் பள்ளத்தாக்கில் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடுபவர்கள் குறைவு. வாத்தியாரை நாங்கள் அகாய் என்போம். ஊருக்கெல்லாம் அவர் அகாய்தான். என் பெயர் புரூல். அகாயின் மனைவி என்பதால் சிறுசுகளுக்கு நான் ஜெங்கே, அண்ணி.

கிட்டார் அவர் கைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், நிலக்கரி தேடி வந்த ஒரு ரஷ்யக் கூட்டம் ஊருக்கு மேலே கூடாரம் அடித்திருந்தது. முதல் பனி விழுந்ததும் அடித்துப் பிடித்துக் கிளம்பினார்கள். போட்டுவிட்டுப் போன சாமான்களில் வயிற்றில் விரிசல் விட்ட ஒரு கிட்டாரும் இருந்தது. கம்பி ஒன்றுகூட இல்லை. மாமனார் அதை ஆணியில் மாட்டி, ஓட்டை வழியாகப் பூண்டு போட்டு வைத்தார். பூண்டுக்கு அதைப் போல ஒரு பெட்டி கிடைக்காது என்று இன்றைக்கும் சொல்வார். மகன் ஒருநாள் பூண்டைக் கொட்டிவிட்டு, துடைத்து எடுத்துக்கொண்டார்.

கம்பிகள் தலைநகரத்திலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் மூலம் வந்தன. கூடவே ரஷ்ய மொழியில் அச்சடித்த ஒரு தாள் இருந்ததாம். அதில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது, அன்று மாலை அடுப்பு அதை வைத்துத்தான் மூட்டப்பட்டது. ஆகவே எந்தக் கம்பியை எங்கே கட்டுவது என்று அவர் தானே யோசித்தார். எங்கள் வீடுகளில் சுவருக்குச் சுவர் எங்கள் வாத்தியமான கொமுஸ் தொங்கும். அதற்கு மூன்று கம்பி, உச்சக் குரல் நடுக்கம்பிக்கு. வாத்தியம் என்று ஒன்று இருந்தால் மெல்லிய கம்பி நடுவில்தான் இருக்க வேண்டும், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? கிட்டாருக்கு ஆறு கம்பி. ஆறு என்றால் இரண்டு கொமுஸ். மேலே ஒரு கொமுஸ், கீழே ஒரு கொமுஸ், இரண்டிலும் மெல்லியது நடுவில். அப்படித்தான் கட்டினார். வானொலியில் கேட்ட பாட்டுகளை அந்தக் கம்பிகளில் தேடித் தேடி, விரல்களுக்கான வழியைத் தானே கண்டுபிடித்தார்.

வாசிப்பு மோசமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவரைக் கட்டிக்கொண்டதே அந்த வாசிப்பைக் கேட்டுத்தான். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் அவர் வாசித்தபோது குதிரை கட்டும் இடத்தில் நின்ற ஆண்களெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். கையைப் பார்த்து யார் கேட்கிறார்கள்? காதால்தானே கேட்கிறார்கள். ஒரு கண் சரியில்லை என்று அவரைப் பட்டாளத்தில் எடுக்கவில்லை. அதனால் வெளியூர்க் கிட்டாரை அவர் கிட்டத்தில் பார்த்ததும் இல்லை. நிலக்கரி லாரி ஓட்டி வந்த ரஷ்யர் ஒருவர் மட்டும் ஒருமுறை அவர் கிட்டாரை உற்றுப் பார்த்துவிட்டு, பட்டாளத்தில் கம்பியை வேறு மாதிரி கட்டுவோமே என்றாராம். பட்டாளத்தில் எல்லாவற்றையும் அவசரத்தில்தானே கட்டுவார்கள் என்று இவர் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஊர்ப் பண்பாட்டு மன்றத்தில் கிட்டார் வகுப்பு நடத்தும் வேலை கிடைத்தது. படித்துப் பட்டம் வாங்காத ஒருவருக்கு வாத்தியார் வேலை! மாமனார் ஆடு வெட்டினார். பையன்களும் பெண்களும் வந்தார்கள். எல்லாருக்கும் இவரே கம்பி கட்டிக் கொடுத்தார். "மேல் கொமுஸ், கீழ் கொமுஸ்" என்று சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார். பள்ளத்தாக்கில் எந்த வீட்டில் கிட்டார் சத்தம் கேட்டாலும் அது இவருடைய மாணவர் கைதான். இவர் யூரல் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், வாசிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு வருவார். சும்மா இருக்க முடியாதவருக்கு அது நல்ல சாக்கு.

பிறகு நாடு உடைந்தது. சம்பளம் மாவாக வந்தது, அப்புறம் மாவும் நின்றது. மற்றவர்கள் மாடு வாங்கினார்கள், இவர் புத்தகம் போட ஆரம்பித்தார். "விரலுக்கு வழி" என்று பெயர். எந்தப் பாட்டுக்கு எந்தக் கம்பியில் எந்த விரல் என்று கையைப் படமாகப் போட்டுக் காட்டும் புத்தகம். படத்தை அச்சடிக்க அச்சு வேண்டுமே? மன்றத்தின் தரை விரிப்பான லினோலியத்தின் துண்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. காவலாளி எலி என்றார். எலி சதுரம் சதுரமாகக் கடிக்காது என்று எனக்குத் தெரியும். செருப்புத் தைப்பவரின் கத்தியை வாங்கி வந்து, அந்தத் துண்டுகளில் கையைச் செதுக்கினார். வட்டாரப் பத்திரிகையின் அச்சகத்தில், பழைய கூட்டுப்பண்ணை அறிக்கைகளின் பின்பக்கத்தில் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் பால் கணக்கு.

அந்தப் புத்தகம் போன வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. வாங்காத வீடு இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் விருந்தாளிக்கு எடுக்கும் நல்ல கோப்பைகளின் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்திருப்பார்கள். புத்தகம் கொஞ்சமும் கசங்காமல் இருந்ததைப் பார்த்து, எவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் பதிப்பு போட்டார், மூன்றாவதும் போட்டார். இந்தச் செய்தி மாகாணத் தலைநகர் வரை போய், எல்லாப் பள்ளிக்கூட இசை வகுப்புகளுக்கும் இதையே பெரிதாக அச்சடிக்கலாம் என்று கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். நாட்டின் தலைநகரான பிஷ்கேக்கில், பெரிய அச்சகத்தில், புதுத் தாளில்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் லினோலியத் தூள்தான். சூப்பில் கிடந்தது, மாவில் கிடந்தது. நானும் செதுக்கினேன், கட்டைவிரலை அறுத்துக்கொண்டேன். அவர் வழக்கத்தைவிட அதிகமாக நடந்தார். நடந்துகொண்டே பாடி, ஓடி வந்து இரண்டு கோடு செதுக்கி, மறுபடி நடப்பார். கணவாயில் பனி உருகியதும் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினார். பேருந்து பாலம் தாண்டும்வரை நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

போனவர் பையோடு திரும்பி வந்தார். அச்சகம் மூடியிருந்தது என்றார். எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. சாதாரணமாகவே நிற்காதவர், இப்போது நெருப்பின் மேல் நிற்பவர் போல் ஆகிவிட்டார். நல்லாயிருந்த வேலியைப் பிடுங்கி மறுபடி நட்டார். பாலம் வரை போவார், திரும்பி வருவார், மறுபடி போவார். சாப்பாட்டில் கை வைப்பதும் எழுவதும் ஒன்றாக நடந்தது. கிட்டாரைத் தொடவே இல்லை. எனக்கு வேறென்ன தோன்றும்? பிஷ்கேக்கில் எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவளுக்கு மஞ்சள் தலைமுடி என்றும் நானே நினைத்துக்கொண்டேன். ஒருநாள் பால் கறந்துகொண்டிருந்தபோது தொழுவத்துக்குள் வந்து, எதையோ தேடுவது போல் சுற்றினார். எனக்கு வந்த கோபத்தில் பசு பயந்து வாளியை உதைத்துவிட்டது.

"யாரு அவ?" என்று கேட்டேன்.

"எவ?"

"எவளுக்காக இப்படி அலையறீங்களோ, அவ."

அவர் என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். பிறகு அங்கேயே, சாணத்தின் மேல், உட்கார்ந்துவிட்டார். "புரூல், நான் இத்தன வருஷமா தப்பாக் கட்டியிருக்கேன்" என்றார்.

நடந்தது இதுதான். அச்சகத்தில் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவரால் காத்திருக்க முடியுமா? தெருவில் இறங்கி நடந்தவர் ஒரு வாத்தியக் கடையைப் பார்த்து உள்ளே போயிருக்கிறார். சுவரில் கிட்டார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தால் கம்பிகள் தப்பாகக் கட்டியிருக்கின்றன: தடித்தது ஒரு ஓரத்தில் தொடங்கி, மெல்லிய கம்பி மறு ஓரத்தில் முடிகிறது. பாவம், கடைக்காரருக்குத் தெரியவில்லை என்று இவர் இரக்கப்பட்டு, அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவிழ்த்துச் சரியாகக் கட்ட ஆரம்பித்துவிட்டார். உள்ளிருந்து வந்த கடைக்கார அம்மா கத்தியிருக்கிறார். நான் உங்களுக்கு உபகாரம்தான் செய்கிறேன் என்று இவர் விளக்கியிருக்கிறார். அந்த அம்மா சுவரிலிருந்து இன்னொரு கிட்டாரை இறக்கிக் காட்டினார். அதுவும் அப்படியே. இன்னொன்று, அதுவும் அப்படியே. எல்லாம் ஒரே தொழிற்சாலையில் வந்ததா என்று இவர் கேட்டிருக்கிறார். அதற்குத்தான் அந்த அம்மா சிரித்தாராம்.

"எந்த ஊருங்க நீங்க?" என்று கேட்டாராம். ஊர்ப் பெயரைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. அவிழ்த்த கம்பிகளுக்குக் காசு கொடுத்துவிட்டு, அச்சகத்துக்குப் போய்ப் பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான், மஞ்சள் தலைமுடிக்காரி இல்லையே என்று. அப்புறம் கோபம் வந்தது. நீங்கள் கட்டியதிலும்தான் பாட்டு வருகிறது, பிறகென்ன தப்பு என்று கேட்டேன். கம்பி கட்டுவது இப்படித்தான் என்று வேதத்திலா எழுதியிருக்கிறது? புத்தகத்தை அச்சகத்தில் கொடுங்கள், வாயை மூடிக்கொண்டிருங்கள் என்றேன். கட்டைவிரலில் தழும்பு இருக்கிறதே எனக்கு, பேசாமல் இருப்பேனா?

"கடையில வாங்குற கிட்டார்ல அந்தப் புத்தகத்தைப் பார்த்து வாசிச்சா நாய்ச் சண்ட மாதிரி கேக்கும். மாகாணம் பூரா பிள்ளைங்க கையில அதக் குடுக்கச் சொல்றியா?" என்றார். தோற்கப்போவது தெரிந்தால் நான் இன்னும் சத்தமாகப் பேசுவேன், அன்றும் பேசினேன்.

புத்தகம் போனால் போகிறது, ஆனால் தன்னை நம்பிக் கற்றுக்கொண்ட பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவரை அரித்தது. அவர்களுடைய விரல்களையெல்லாம் தான் கெடுத்துவிட்டதாகப் புலம்பினார். முதலில் தூலத்திடம் சொல்வது என்று முடிவு செய்தார். தூலத் அவருடைய முதல் மாணவன். பட்டாளத்துக்குப் போய் வந்து, இப்போது பக்கத்து ஊரில் லாரி ஓட்டுகிறான். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் கிடைக்காத நாட்கள் அவை. நடந்தே போனார்.

திரும்பி வந்தபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேயறைந்தது போல் இருந்தது. வாசலிலேயே நின்று சொன்னார். தூலத் வீட்டு முற்றத்தில் நுழையும்போது உள்ளே யாரோ அருமையாகக் கிட்டார் வாசிப்பது கேட்டதாம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தூலத். அவன் விரல்கள் இவர் சொல்லிக்கொடுத்த எந்த இடத்திலும் இல்லை. கடையில் பார்த்த அதே கட்டு, அதற்கேற்ற விரல்கள். இவரைப் பார்த்ததும் தூலத் கிட்டாரைப் படுக்கைக்கு அடியில் தள்ளப் பார்த்திருக்கிறான், திருட்டுக் குதிரையை மறைப்பவன் போல.

அவனை உட்கார வைத்து உலுக்கியதில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பள்ளத்தாக்கில் இந்த விஷயம் தெரியாத ஆள் இவர் ஒருவர்தான். பட்டாளத்துக்குப் போய் வந்த பையன்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டு வந்தார்கள், தம்பி தங்கைகளுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். மன்றத்தில் அகாயின் வழி, வீட்டில் ஊருலகத்தின் வழி. பிள்ளைகள் இரண்டையும் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரே ஒரு கிட்டாரை மட்டும் இவர் கட்டியபடியே விட்டு வைத்திருந்தார்களாம். அதற்கு "அகாய் கிட்டார்" என்று பெயர். பாலத்தில் யூரல் சத்தம் கேட்டதும் அது சுவர் தாண்டிச் சுவர் தாண்டி, இவர் நுழையப்போகும் வீட்டுக்கு இவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். தூலத் ஊரில் எந்த வீட்டுக் கிட்டாரிலும் கழுத்துக்குக் கீழே ஒரே மாதிரி சிகரெட் சூடு இருப்பதை இவர் பல வருடமாகப் பார்த்திருக்கிறார். அது தொழிற்சாலை முத்திரை என்று நினைத்திருந்தாராம்.

அவர் அதைச் சொன்னபோது எனக்கு அடக்க முடியாத ஆத்திரம். என்னையும் சேர்த்துத்தானே முட்டாளாக்கியிருக்கிறார்கள். கோப்பைகளுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனது நான்தானே. சால்வையைப் போட்டுக்கொண்டு நேராகத் தூலத் வீட்டுக்குப் போனேன். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். தாடி வைத்த அந்த மனிதன் பள்ளிக்கூடப் பையன் போல் தலையைக் குனிந்து நின்றான்.

"சொல்லணும்னுதான் வந்தேன் ஜெங்கே" என்றான். "பட்டாளத்துல இருந்து வந்த அன்னிக்கே, நேரா மன்றத்துக்குத்தான் போனேன். வாயத் தொறக்கறதுக்குள்ள, 'நான் கத்துக் குடுத்தது அங்க உதவிச்சாடா'ன்னு கேட்டாரு. அந்த முகத்தப் பார்த்து எப்படிச் சொல்றது? உதவிச்சு அகாய்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

வாத்தியாரை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது எங்களில் பெரிய அவமானம், அவருக்கு இல்லை, பேசியவனுக்கு. எனக்கும் அது தெரியும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் காற்று முகத்தில் அடித்தது. இவரைத் திட்டுவதா, ஊரைத் திட்டுவதா என்று தெரியாமல் காற்றைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். ரஷ்யாவில் க்ராஸ்னயார்ஸ்க் சந்தையில் மூட்டை தூக்கும் வேலைக்கு எங்கள் ஊர் ஆட்கள் பலர் போயிருந்தார்கள். இவரும் போகப்போகிறாராம். மன்றத்தின் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தாயிற்று. பேருந்தில் இடமும் சொல்லியாயிற்று. போன ஆண்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். சிலர் காசு அனுப்பினார்கள், சிலர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார்கள், சிலரைப் பற்றித் தகவலே இல்லை. உட்காரத் தெரியாத என் புருஷன் ஒருமுறை அவ்வளவு தூரம் போனால் திரும்பி வரமாட்டார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். இங்கே உங்களுக்கு என்ன மரியாதைக் குறைவு என்று கேட்டேன்.

"மரியாதையாலதான் போறேன்" என்றார். "ஒருத்தனாவது என்னயத் திட்டியிருந்தா இங்கயே கிடந்திருப்பேன். சிரிச்சிருந்தாக்கூட போதும். எல்லாரும் தலையத் தடவிக் குடுத்தாங்க புரூல், கிறுக்கனத் தடவிக் குடுக்கற மாதிரி."

போவதற்கு முதல் நாள் தூலத் வீட்டில் அவன் மகனுக்குத் தொட்டில் விருந்து. போகாமல் இருந்தால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள், அதனால் வந்தார். கிட்டாரையும் எடுத்துக்கொண்டு வந்தார், அது எனக்குப் புரியவில்லை. வீடு நிறைய ஜனம். ஆண்கள் மேல்பக்கம், மாமனார் எல்லாருக்கும் மேலே கௌரவ இடத்தில். மருமகள்களான நாங்கள் வாசலோரம் சமோவாரின் பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்தோம். இவருடைய மாணவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அகாய்க்குத் தெரிந்துவிட்டது என்ற விஷயம் அவர்கள் எல்லாருக்கும் எட்டிவிட்டிருந்தது. யாரும் இவர் கண்ணைப் பார்க்கவில்லை. "எடுங்க அகாய், சாப்பிடுங்க அகாய்" என்று நல்ல நல்ல எலும்பாக எடுத்து இவர் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் ஒன்றையும் தொடவில்லை.

வழக்கம் போல ஒரு பெரியவர், அகாய் வாசிக்கட்டும் என்றார். இவர் கிட்டாரை மடியில் வைத்து, கம்பிகளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

ஆறையும் அவிழ்த்தார். பிறகு ஒவ்வொன்றாக, தடித்ததிலிருந்து மெல்லியது வரை, கடையில் பார்த்தபடி கட்டினார். அதற்கு வெகுநேரம் ஆயிற்று. முறுக்காணி திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. குழந்தைக்கு ஒரு தொட்டில் பாட்டு, இப்படிக் கட்டி வாசிக்க இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

அதை வாசிப்பு என்று எப்படிச் சொல்வது? என் காது இசைக்காதில்லை, எனக்கே தாங்கவில்லை. வாசல் கதவில் கால் மாட்டிக்கொண்ட கன்றுக்குட்டி போல் அது கத்தியது. விரல்கள் பழைய வழிக்கே ஓடின. நிறுத்துவார், தேடுவார், மறுபடி தப்பான கம்பியைப் பிடிப்பார். ஐந்து வயதுப் பிள்ளை இதைவிட நன்றாக வாசிக்கும். நெற்றியெல்லாம் வியர்வை. ஊர் மொத்தமும் தரையைப் பார்த்துக்கொண்டு பயபக்தியோடு கேட்டது. முடிந்ததும் மூலையிலிருந்து ஒரு பையன் மெதுவாக, "ரொம்ப நல்லா இருந்துச்சு அகாய்" என்றான்.

அவர் தலையை நிமிர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது, யாராவது என்று கேட்கும் பார்வை அது. ஒரு முகமும் நிமிரவில்லை. கிட்டாரைக் கீழே வைக்கக் குனிந்தார். வைத்தால் எழுந்துவிடுவார், எழுந்தால் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் சிரித்தேன்.

மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் பல் தெரியச் சிரிக்கக் கூடாது. சபையில், விருந்தாளிகள் முன்னால், அதுவும் புருஷனைப் பார்த்துச் சிரித்தவள் எங்கள் பள்ளத்தாக்கில் எனக்கு முன்னால் யாரும் இருந்திருக்க மாட்டாள். முதலில் வேண்டுமென்றேதான் சிரித்தேன். வாயிலிருந்து வந்த சத்தம் இருமல் மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் என் தொடையைக் கிள்ளினாள். அப்புறம் அந்தக் கன்றுக்குட்டிச் சத்தம் மறுபடி காதில் ஒலித்தது, லினோலியம் கிடந்த சூப்பு நினைவுக்கு வந்தது, சிரிப்பு நிஜமாகிவிட்டது. நிறுத்த முடியவில்லை. கையிலிருந்த கோப்பை டீயெல்லாம் என் பாவாடையில் கொட்டியது.

மாமனார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். எனக்கு உயிரே போயிற்று. அவர் கையிலிருந்த எலும்பைத் தட்டில் வைத்தார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. "இதக் கேட்டா ஓநாய்கூட ஆட்ட விட்டுட்டு ஓடிரும்" என்றார்.

அவ்வளவுதான். இருபது வருடமாக அடக்கி வைத்த சிரிப்பு ஒரே நேரத்தில் வெடித்தது. ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். சுவர் தாண்டிய கிட்டாரைப் பற்றி ஒருவன் சொன்னான், நாய் துரத்தியதால் அதைப் பனியில் போட்டுவிட்டு ஓடியதைப் பற்றி இன்னொருவன் சொன்னான். தொட்டிலில் குழந்தை முழித்துக்கொண்டு வீறிட்டது. நடுவில் என் புருஷன், கிட்டாரைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். அது எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கியபோது தூலத் இன்னும் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தான். முகம் சிவந்திருந்தது. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினான்.

"அகாய்" என்றான். "உங்க நடுவிரல் தப்பு."

இவர் தன் விரலைப் பார்த்தார்.

"தப்பா?"

"தப்புதான் அகாய். ஒரு கம்பி தள்ளி வைக்கணும்."

"எனக்குத் தெரியல. நீ புடிச்சு வையி" என்று கையை நீட்டினார்.

தூலத் முழங்காலிட்டு உட்கார்ந்து, தன் வாத்தியாரின் நடுவிரலை இரண்டு விரலால் பிடித்து, சரியான கம்பியின் மேல் வைத்து அழுத்தினான். நான் சமோவாரின் பக்கம் திரும்பிக்கொண்டேன். யாருக்கும் டீ ஊற்றும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் காலை நான் வாசலில் நின்றிருந்தேன். அவருடைய பெட்டி கதவருகில் கட்டியபடியே இருந்தது. பேருந்து வந்து, கொஞ்சநேரம் நின்று, ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் பாலம் தாண்டிப் போயிற்று. அவர் தூலத் வீட்டிலிருந்து இன்னும் திரும்பியிருக்கவில்லை.